வீட்டுக் கிட்டில் எடுத்த மரபணு ரிப்போர்ட்: எனக்கு ‘இல்லை’, தங்கைக்குச் சிவப்பு. எதை நம்புவது?

ஆலை கிராணி, சுங்கை சிப்புட்

எல்லோருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கிராணி (கிளார்க்) வேலை பார்க்கிறேன். வயது 38, இரண்டு பிள்ளைகள். இது குடும்ப விஷயம்தான். ஆனால் இங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்கள் சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

அம்மா 2001இல் மார்பகப் புற்றுநோயில் தவறிவிட்டார். அப்போது அவருக்கு 43 வயதுதான். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். கட்டி இருப்பது தெரிந்தும் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் காட்டவில்லை. கை வீங்கி, கத்தியைப் பிடிக்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அம்மாவின் தங்கைக்கு, எங்கள் சின்னம்மாவுக்கு, 54 வயதில் சினைப்பையில் புற்றுநோய் வந்தது. ஈப்போவில் ஆபரேஷன், அப்புறம் கீமோ. இப்போது நன்றாக இருக்கிறார். குறித்த தேதிக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறார்.

அண்ணன் மெல்பர்னில் இருக்கிறார். அம்மாவுக்கு வந்தது நமக்கும் வந்துவிடுமோ என்று அவருக்கு எப்போதும் பயம். சித்திரைப் புத்தாண்டுக்கு வந்தபோது எச்சில் பரிசோதனைக் கிட் இரண்டு கொண்டுவந்தார், எனக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. குழாயில் துப்பி மூடி அவரிடமே கொடுத்து அனுப்பினோம். பிறகு ஈமெயிலில் ரிப்போர்ட் வந்தது. இருவருக்குமே ‘பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மாற்றங்கள் கண்டறியப்படவில்லை’ என்று போட்டிருந்தது. இந்த இரண்டு மரபணுவில் கெட்ட மாற்றம் இருந்தால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய்க்கு வாய்ப்பு கூடுமாம். அன்றைக்கு எனக்கு அவ்வளவு நிம்மதி.

தங்கைக்கு 29 வயது, கோலாலம்பூரில் வேலை. கூட வேலை செய்யும் பெண் சொன்னாள் என்று, கம்பெனி கொடுத்த மூலத் தரவுக் கோப்பை இறக்கி வேறொரு இணையதளத்தில் ஏற்றியிருக்கிறாள். அங்கே சிவப்பு எழுத்தில் ‘பிஆர்சிஏ2, நோய் உண்டாக்கும் மாற்றம்’ என்று வந்துவிட்டது. அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வரும் தையில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை எங்கள் தாய்மாமா மகன். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ‘கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் மாமா வீட்டில் மூச்சு விடாதே’ என்கிறார்.

ஒரே கிட், ஒரே எச்சில். கம்பெனி இல்லை என்கிறது, இன்னொரு இடம் இருக்கிறது என்கிறது. எதை நம்புவது? எனக்கு ‘இல்லை’ என்று வந்ததால் நான் இனி பயப்பட வேண்டியதில்லையா? தங்கை என்ன செய்ய வேண்டும்? அப்பா சொல்வதுபோல் பேசாமல் இருந்துவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தைப்பிங் தம்பி

அக்கா, கவலைப்படாதீர்கள். கம்பெனி ரிப்போர்ட்டில் இல்லை என்று வந்துவிட்டால் இல்லைதான். நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். அந்த இரண்டாவது இணையதளத்தை நம்ப வேண்டாம். என் மனைவி அப்படி ஒன்றில் தன் கோப்பை ஏற்றினார், இல்லாத நோயெல்லாம் பட்டியலாக வந்தது. தங்கச்சியைக் கல்யாண வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற மிஸ்ஸி

தங்கச்சி, உன் பதிவைப் படித்துவிட்டு உடனே எழுத உட்கார்ந்தேன். நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள்தான். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மிஸ்ஸியாக (நர்ஸாக) இருந்து ஓய்வு பெற்றேன், கடைசி ஆண்டுகள் பெண்கள் அறுவை வார்டில். உன் அம்மாவைப்போல் கை வீங்கி வந்த தோட்டத்துப் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தைப்பிங் தம்பி நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் ‘இல்லை என்றால் இல்லைதான்’ என்பதை நான் ஏற்க மாட்டேன். உன் குடும்பத்துக்கு அந்த வார்த்தை ஆபத்தானது.

காரணம் சொல்கிறேன். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இரண்டும் பெரிய மரபணுக்கள். அவற்றில் நோய் உண்டாக்கக்கூடிய மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் பதிவாகியிருக்கின்றன. எச்சில் கிட்டுகள் இந்த மரபணுக்களை முழுதாகப் படிப்பதில்லை, முன்கூட்டியே தேர்ந்தெடுத்த சில இடங்களை மட்டும் பார்க்கின்றன. 23அண்ட்மீ என்ற கம்பெனிக்கு 2018இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தபோது அது பார்த்தது மூன்றே மூன்று மாற்றங்கள். மூன்றுமே அஷ்கெனாசி யூதர்களிடம் (ஐரோப்பிய வழி யூதர்கள்) அதிகம் காணப்படுபவை. 2023இல் இன்னும் 41 சேர்த்து 44 ஆக்கினார்கள். ஆயிரக்கணக்கில் மரம் நிற்கும் தோட்டத்தில் 44 மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தோட்டத்தில் நோயே இல்லை என்று சொன்னால் எந்தத் தண்டல் ஒப்புக்கொள்வார்? உன் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படி. ‘தேர்ந்தெடுத்த மாற்றங்களை மட்டுமே பரிசோதித்தோம்’ என்று இருக்கும்.

அந்த யூத மாற்றங்களில் ஒன்றான 185டெல்ஏஜி தென்னிந்தியக் குடும்பங்களிலும் காணப்பட்டிருக்கிறது. அதனால் நம்மவர்களுக்கு அந்தக் கிட் முழுக்க வீண் என்று சொல்லவில்லை. ‘இருக்கிறது’ என்று வந்தால் பரிசோதனைக்கூடத்தில் உறுதி செய்ய வேண்டிய தகவல். ‘இல்லை’ என்று வந்தால், நம் குடும்பங்களைப் பொறுத்தவரை, அது கிட்டத்தட்ட ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது இரண்டு ரிப்போர்ட்டையும் மூடி வை. ஒரு பெரிய தாளை எடுத்து அம்மா வழி, அப்பா வழி இரண்டையும் வரை. யாருக்கு என்ன நோய், எந்த வயதில், எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள் என்று ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் எழுது. அம்மாவுக்கு 43இல் மார்பகம், கூடப் பிறந்த தங்கைக்கு சினைப்பை. கிட் எதுவுமே இல்லாமல், இந்த இரண்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு மரபணு மருத்துவர் உங்களை உட்காரவைத்துப் பேசுவார்.

நம் தோட்டத்துக் குடும்பங்களில் இந்தத் தாளை நிரப்புவது சுலபமில்லை, எனக்குத் தெரியும். பழையவர்கள் நோயின் பேரைச் சொல்ல மாட்டார்கள். ‘வயிற்றில் கட்டி’, ‘வயிறு வீங்கிப் போய்விட்டது’, ‘செய்வினை’ என்பார்கள். வயிற்றில் தண்ணீர் சேர்ந்து வீங்கி இறந்த பாட்டி ஒருவர் இருந்தால் அதைக் கட்டாயம் எழுது. அது சினைப்பையாக இருந்திருக்கலாம், கல்லீரலாகவும் இருந்திருக்கலாம், ஆனாலும் எழுது. வீட்டில் இறந்தவர்களின் இறப்புப் பத்திரத்தில் போலீஸ் ஸ்டேஷனில் ‘சாக்கிட் துவா’ என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள், முதுமை என்று. அதை வைத்து முடிவு செய்யாதே. வளர்ப்புப் பிள்ளைகளாக வந்தவர்கள் யார் என்பதையும் கேட்டுக் குறி. தோட்டங்களில் தத்து எடுப்பது சாதாரணம், அந்தக் கோடு ரத்தக் கோடு இல்லை.

ஆண்களை விட்டுவிடாதே. இந்த மாற்றம் ஆண் வழியாகவும் அதே அளவுக்கு இறங்கும். ஒருவருக்கு இருந்தால் அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, மகன் மகள் வித்தியாசம் கிடையாது. பிஆர்சிஏ2 மாற்றம் இருக்கும் ஆண்களுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பு அதிகம், மார்பகப் புற்றுநோய்கூட வரும். உன் தாய்மாமாவுக்கு உடம்பு எப்படி? அம்மாவின் அம்மா எப்படி இறந்தார்? இந்த இரண்டையும் எனக்குச் சொல்.

அடுத்தது யாருக்கு முதலில் பரிசோதனை என்பது. உனக்கும் இல்லை, தங்கைக்கும் இல்லை, சின்னம்மாவுக்கு. நோய் வந்தவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சினைப்பைப் புற்றுநோய் வந்த பெண்ணுக்கு, அவருடைய குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும், பிஆர்சிஏ பரிசோதனை செய்வது இன்றைக்கு வழக்கமான சிகிச்சையின் ஒரு பகுதி. சின்னம்மாவின் ரத்தத்தில் இரண்டு மரபணுக்களையும் முழுதாகப் படிப்பார்கள். அங்கே ஒரு மாற்றம் உறுதியானால், உனக்கும் தங்கைக்கும் அண்ணனுக்கும் அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். அப்போது ‘இல்லை’ என்று வந்தால் அதுதான் உண்மையான இல்லை. வீட்டுக் கிட் கொடுத்த இல்லை வேறு, இது வேறு.

சின்னம்மாவிடம் ‘எங்களுக்காகச் செய்யுங்கள்’ என்று மட்டும் கேட்காதே. அவருக்கே அதில் உபயோகம் இருக்கிறது. பிஆர்சிஏ மாற்றம் உள்ள சினைப்பைப் புற்றுநோய்க்கு ஒலாபரிப் என்ற மருந்து இருக்கிறது, 2014இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. நோய் திரும்பினால் எந்த மருந்து என்று டாக்டர் முடிவு செய்ய இந்தப் பரிசோதனை உதவும்.

உன் சொந்த உடம்பு விஷயத்தில் ஒன்று. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதி) கட்டுகிறவர்களுக்கு 40 வயதானதும் இலவசப் பரிசோதனை உண்டு, பெண்களுக்கு மெமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) அதில் வரும். நீ அதுவரைக்கும் காத்திருக்காதே. குடும்பத்தில் மிகச் சின்ன வயதில் நோய் வந்தவரின் வயதுக்குப் பத்து வருடம் முன்பே பார்க்க ஆரம்பிப்பது மருத்துவர்களின் வழக்கம். உன் கணக்கில் அது 33, அதைத் தாண்டிவிட்டாய். நாளைக்கே கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) போய், அம்மா, சின்னம்மா கதையைச் சொல்லி, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் கடிதம் கேள்.

ஆலை கிராணி, சுங்கை சிப்புட்

மிஸ்ஸி, மிக்க நன்றி. பொடி எழுத்தைப் படித்தேன், நீங்கள் சொன்னதுபோலவே போட்டிருக்கிறது.

சின்னம்மாவிடம் பாட்டியைப் பற்றிக் கேட்டேன். ‘வயிற்றில் தண்ணீர் கட்டிக்கொண்டது, கர்ப்பிணி மாதிரி இருந்தாள், தோட்டத்து டிரஸர் மருந்து கொடுத்தார்’ என்கிறார். ஐம்பது வயதுக்குள்தான் இருந்திருக்கும். ஐசியில் (அடையாள அட்டையில்) இருக்கும் வயதே சரியில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இறப்புப் பத்திரத்தில் சாக்கிட் துவாதான். இத்தனை வருடம் அந்தக் காகிதம் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது, ஒருவரும் யோசித்துப் பார்க்கவில்லை.

மாமாவுக்கு 61 வயது. போன வருடம் புரோஸ்டேட் ஆபரேஷன் செய்துகொண்டார். புற்றுநோயா என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் ‘சிறுநீர்ப் பிரச்னை, சரியாகிவிட்டது’ என்பார். அத்தைக்கே அதற்கு மேல் தெரியாது.

அப்பா வழியில் நான் கேட்டவரை புற்றுநோய் இல்லை. அப்பாவின் அப்பா மட்டும் தொண்டையில், அவர் சுருட்டுப் பிடிப்பவர்.

தங்கையின் சிவப்பு ரிப்போர்ட்டை என்ன செய்வது என்றுதான் இன்னும் புரியவில்லை. அவள் நேற்று போன் பண்ணி, மார்பகத்தை எடுத்துவிடலாமா என்று கேட்கிறாள்.

பரிசோதனைக்கூடத் தம்பி, சுபாங்

அக்கா, நான் மரபணுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். தங்கச்சியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அந்தச் சிவப்பு எழுத்தை வைத்துக்கொண்டு உலகத்தில் எந்த மருத்துவரும் கத்தியை எடுக்க மாட்டார். எடுக்கவும் கூடாது.

மூலத் தரவு எப்படி உருவாகிறது என்றால், எச்சிலில் இருந்து பிரித்த டிஎன்ஏவை ஒரு சில்லில் (சிப் என்னும் சின்னத் தகட்டில்) ஊற்றுகிறார்கள். சில்லில் லட்சக்கணக்கான புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் எந்த நிறத்தில் எவ்வளவு ஒளிர்கிறது என்று பார்த்து, இந்த இடத்தில் இந்த எழுத்து என்று மென்பொருள் முடிவு செய்கிறது. பல பேரின் ஒளியைச் சேர்த்து வைத்து, ஒரே மாதிரி ஒளிர்பவற்றைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துத்தான் அது கற்றுக்கொள்கிறது. மக்களிடம் பரவலாக இருக்கும் மாற்றங்களுக்கு இது அருமையாக வேலை செய்யும். பத்தாயிரத்தில் ஒருவருக்கு, லட்சத்தில் ஒருவருக்கு இருக்கும் மாற்றம் என்றால் கூட்டமே கிடையாது. யாரோ ஒருவரின் புள்ளி கொஞ்சம் மங்கலாக இருந்தால், அதை அந்த அபூர்வ மாற்றம் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். பிஆர்சிஏ மாற்றங்கள் பெரும்பாலும் இப்படி அபூர்வமானவை. அதனால்தான் கம்பெனியே தன் ரிப்போர்ட்டில் அந்த இடங்களைக் காட்டுவதில்லை, சரிபார்த்தவற்றை மட்டும் காட்டுகிறது. மூலக் கோப்பில் எல்லாம் கிடக்கும். உங்கள் இரண்டு ரிப்போர்ட்டும் முரண்படுவதுபோல் தெரிவது இதனால்தான்.

2018இல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனைக்கூடம் இப்படி மூலத் தரவில் மாற்றம் காட்டிய 49 பேரின் மாதிரிகளை மறுபடி பரிசோதித்தது. காட்டிய மாற்றங்களில் 40 சதவீதம் இல்லவே இல்லை. 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஏறக்குறைய 50,000 பேரின் தரவை வைத்து ஒரு ஆய்வு வந்தது. சில்லு ‘பிஆர்சிஏ மாற்றம் இருக்கிறது’ என்று சொன்ன அபூர்வ இடங்களை முழுதாகப் படித்துப் பார்த்தபோது, நூற்றில் நான்குதான் நிஜம்.

ஆனால் தைப்பிங் அண்ணன் சொன்னதுபோல் தூக்கிப் போட்டுவிடவும் நான் சொல்ல மாட்டேன். அந்த நூற்றில் நான்கு என்பது பொதுமக்களுக்கான கணக்கு. குடும்பத்தில் பாட்டி, அம்மா, சின்னம்மா என்று வரிசையாக இருக்கும்போது அந்தச் சிவப்பு நிஜமாக இருக்க வாய்ப்பு கூடிவிடுகிறது. உறுதி செய்யாமல் நம்பவும் கூடாது, உறுதி செய்யாமல் ஒதுக்கவும் கூடாது. மூலக் கோப்பில் அந்த மாற்றத்தின் பெயரும் இடமும் இருக்கும். அதை அச்செடுத்து டாக்டரிடம் கொடுங்கள். புதிதாக ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக்கூடத்தில் பார்ப்பார்கள். வீட்டில் எடுத்த எச்சிலை எந்தக் கூடமும் ஆதாரமாக வைத்துக்கொள்ளாது.

சின்னம்மாவின் முடிவு வரும்போது இன்னொரு வார்த்தையும் உங்கள் காதில் விழலாம்: ‘பொருள் தெளிவில்லாத மாற்றம்’. இருக்கிறது, இல்லை என்ற இரண்டுக்கும் நடுவில் உள்ள முடிவு அது. இதுவரை சேர்ந்திருக்கும் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பியர்களுடையது, அதனால் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த நடு முடிவு அதிகம் வருகிறது. அப்படி வந்தால் அதை வைத்து யாரும் ஆபரேஷன் செய்துகொள்ளக் கூடாது. குடும்ப வரலாற்றை வைத்துத்தான் கண்காணிப்பார்கள். சில வருடம் கழித்து அதே மாற்றத்தைச் சாதாரணம் என்று மாற்றி எழுதுவதும் நடக்கும், அதனால் மருத்துவமனையுடன் தொடர்பை விட்டுவிடாதீர்கள்.

கிட் கம்பெனியிடம் இருக்கும் தரவையும் கவனியுங்கள். 23அண்ட்மீயில் 2023இல் ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின, 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது. உங்கள் கம்பெனி எதுவாக இருந்தாலும், வேண்டிய கோப்பை இறக்கி வைத்துக்கொண்டு, கணக்கை அழித்து, மிச்ச எச்சிலையும் அழிக்கச் சொல்லி எழுதுங்கள். தங்கச்சி ஏற்றிய இரண்டாவது தளத்திலும் அழிக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற மிஸ்ஸி

சுபாங் தம்பி நான் சொல்ல நினைத்ததையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்.

தங்கச்சி, இப்போது கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா பயப்படுவது எனக்குப் புரிகிறது. பெண்ணைப் பெற்றவர். ‘அந்தக் குடும்பத்தில் கேன்சர்’ என்ற பேச்சு ஒரு பெண்ணின் வாழ்க்கையை என்ன செய்யும் என்று அவர் பார்த்திருப்பார். வெளிச் சம்பந்தமாக இருந்தால்கூட நான் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் மாப்பிள்ளை யார் என்று பார். உன் மாமா மகன். உன் அம்மாவும் சின்னம்மாவும் மாமாவும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். பாட்டியிடம் இந்த மாற்றம் இருந்திருந்தால் மாமாவுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவரிடம் இருந்தால் அவர் மகனுக்கும் பாதிக்குப் பாதி. யாரிடமிருந்து மறைக்கச் சொல்கிறாரோ, அவர்களுடைய உடம்பைப் பற்றிய விஷயம் இது. மாமாவுக்குப் பெண் பிள்ளைகள் இருக்கிறார்களா? இருந்தால் அவர்களும் உன் தங்கை நிற்கும் இடத்தில்தான் நிற்கிறார்கள், தெரியாமல்.

சொந்தத்தில் கட்டும்போது இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. கணவன், மனைவி இருவரிடமும் பிஆர்சிஏ2 மாற்றம் இருந்துவிட்டால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டு பக்கத்திலிருந்தும் மாற்றம் இறங்க. அப்படி இறங்கிய பிள்ளைக்கு ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் வரும். எலும்பு மஜ்ஜை வேலை செய்யாது, சின்ன வயதிலேயே புற்றுநோய் வரும். மிக அபூர்வம்தான். இருவரிடமும் இருந்தால்தான் அந்தப் பேச்சே. ஆனால் இரண்டு பேர் ரத்தம் கொடுத்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும் விஷயம் இது. கல்யாணத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையனும் உன் தங்கையும் சேர்ந்து போய் மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசட்டும் என்கிறேன். கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் மரபியல் துறை இருக்கிறது, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் குடும்பப் புற்றுநோய்க்கு ஆலோசனை உண்டு. தங்கை அங்கேதான் இருக்கிறாள், ரெஃபரல் கடிதம் இருந்தால் போதும். அரசாங்க ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் பார்க்க நமக்கு 5 வெள்ளிதான். ரத்தப் பரிசோதனைக்குத் தனிச் செலவு உண்டா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளச் சொல். காத்திருக்கும் வரிசை நீளமாக இருக்கலாம், அதனால் தேதியை இப்போதே வாங்கச் சொல்.

மாமாவிடம் நீ போகாதே, சின்னம்மாவை அனுப்பு. அக்காவைப் பறிகொடுத்து, தானும் ஆபரேஷன் செய்துகொண்ட தங்கை கேட்டால் அவர் வாயைத் திறப்பார். புரோஸ்டேட்டில் எடுத்த சதையைப் பரிசோதித்த ரிப்போர்ட் ஆஸ்பத்திரியில் இருக்கும். அந்த ஒரு காகிதம் வேண்டும்.

தங்கை மார்பகத்தை எடுக்கலாமா என்று கேட்டதாக எழுதியிருந்தாய். அவளிடம் என் பேரைச் சொல்லிச் சொல். மாற்றம் இருப்பது உறுதியானாலும் அடுத்த நாளே யாரும் எதையும் எடுப்பதில்லை. 29 வயதில் செய்யக்கூடியது எம்ஆர்ஐ ஸ்கேனில் வருடா வருடம் பார்த்துக்கொள்வது. 30க்கு மேல் மெமோகிராமும் சேரும். சினைப்பையை எடுப்பது பற்றிய பேச்சு பிஆர்சிஏ2 பெண்களுக்கு 40 முதல் 45 வயதில்தான் வரும், பிள்ளைகள் பெற்று முடித்த பிறகு. சினைப்பைக்கு மட்டும் நம்பிக்கையான முன்பரிசோதனை கிடையாது. ஸ்கேனும் சிஏ125 ரத்தப் பரிசோதனையும் செய்து பார்த்த பெரிய பிரிட்டிஷ் ஆய்வு 2021இல் முடிவு சொன்னது: அதனால் இறப்பு குறையவில்லை. அதனால்தான் எடுக்கும் பேச்சே வருகிறது.

அவள் எப்படியும் இணையத்தில் தேடுவாள், அதனால் எண்களையும் சொல்லிவிடுகிறேன். 2017இல் வந்த பெரிய ஆய்வின்படி பிஆர்சிஏ2 மாற்றம் உறுதியான பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவது நூற்றுக்கு 69, சினைப்பையில் 17. பிஆர்சிஏ1 என்றால் 72, 44. பெரிய எண்கள்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவை உறுதியானவர்களுக்கு, அதுவும் 80 வயது வரைக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. உன் அம்மாவுக்குக் கிடைக்காத அவகாசம் இந்தப் பிள்ளைக்குக் கையில் இருக்கிறது.

இன்சூரன்ஸ் முகவர், கோல கங்சார்

ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். மெடிக்கல் கார்டு, ஆயுள் இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் குடும்பத்தில் இருந்தால் இதையும் யோசியுங்கள். மரபணு முடிவை இன்சூரன்ஸ் கம்பெனிகள் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு சிங்கப்பூரில் 2021இலிருந்து கட்டுப்பாடு இருக்கிறது. நம் நாட்டில் அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. மனுவில் கேட்கும் கேள்விக்கு உண்மையாகப் பதில் எழுத வேண்டும், 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. குடும்ப வரலாற்றைக் கேட்டால் அம்மா, சின்னம்மா விவரத்தை மறைக்காதீர்கள், பின்னால் கிளெய்ம் நின்றுவிடும். அதேபோல், ஏற்கெனவே பாலிசி எடுத்தவர்கள் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால், இன்றைக்கு எடுக்கும் பரிசோதனை அந்தப் பதிலைப் பொய்யாக்காது. கார்டு போய்விடுமோ என்று பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

தைப்பிங் தம்பி

மிஸ்ஸி சொன்னதைப் படித்துவிட்டு என் மனைவியிடமும் அவர் அம்மா வழியைக் கேட்டு எழுதச் சொன்னேன். இரண்டு பெரியம்மாக்கள் ‘வயிற்றுக் கட்டி’யில் போயிருக்கிறார்கள். நாங்களும் கிளினிக்குக்குப் போகிறோம்.

ஆலை கிராணி, சுங்கை சிப்புட்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சின்னம்மா ஒரு வார்த்தைகூட மறுப்புச் சொல்லவில்லை. ‘என் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும்தானே’ என்றார். மாமா வீட்டுக்குத் தானே பஸ் ஏறிப் போனார். மாமாவுக்கு வந்தது புற்றுநோய்தானாம். கல்யாணம் நெருங்குகிறது, இப்போது எதற்கு என்று அத்தையிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார். அப்பா மறைக்கச் சொன்ன அதே காரணத்துக்காக அந்தப் பக்கமும் மறைத்திருக்கிறார்கள். இப்போது இரண்டு வீட்டுக்கும் தெரியும். மாப்பிள்ளையே தங்கைக்குப் போன் பண்ணி, ‘சேர்ந்தே போய்ப் பார்ப்போம்’ என்று சொல்லியிருக்கிறார். தேதி கேட்டு எழுதியிருக்கிறார்கள். அப்பா இன்னும் சரியாகப் பேசவில்லை, ஆனால் என்னைக் கிளினிக்கில் இறக்கிவிட்டவர் அவர்தான். ஈப்போவுக்கு ரெஃபரல் கடிதம் கிடைத்துவிட்டது.

அண்ணனிடமும் சொன்னேன். அவருக்கு இரண்டு மகள்கள், மெல்பர்னிலேயே டாக்டரைப் பார்க்கப் போகிறார்.

மிஸ்ஸி, ஒரு கேள்வி மட்டும். சின்னம்மாவின் பழைய ஃபைலைப் பிரித்துப் பார்த்தேன். ஆபரேஷன் ரிப்போர்ட்டில் ‘ஹை கிரேட் சீரஸ்’ என்று எழுதியிருக்கிறது. இதை டாக்டரிடம் சொல்ல வேண்டுமா, அவர்களுக்கே தெரிந்திருக்குமா?

ஓய்வு பெற்ற மிஸ்ஸி

கட்டாயம் சொல்லு. பிஆர்சிஏ மாற்றத்தோடு அதிகம் சேர்ந்து வரும் சினைப்பைப் புற்றுநோய் வகை அதுதான். அவர்கள் ஃபைலில் இருக்கும் என்று நம்பி விடாதே, வார்டு மாறும்போது காகிதம் பின்தங்கிவிடும். அந்தப் பக்கத்தையும் மாமாவின் ரிப்போர்ட்டையும் இரண்டு நகல் எடு. ஒன்று சின்னம்மாவின் அடுத்த தேதிக்கு, இன்னொன்று தங்கை கோலாலம்பூருக்குக் கொண்டுபோக. நீ வரைந்த குடும்பத் தாளையும் கூடவே வை, மாமாவின் பேருக்குப் பக்கத்தில் புரோஸ்டேட், வயது 60 என்று எழுதிவிட்டு.